இரையும் பெட்டியும் உறங்காத வீடும்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போகிறவர்களுக்கு நாம் சொல்லப்போகும் கிராமம் புதிதல்ல. வீதியின் இரு மருங்கிலும் வெங்காயப் பாத்திகள், மிளகாய்த் தோட்டங்கள், தண்ணீர் தூவும் குழாய்கள், தென்னைகள். அவற்றுக்கு நடுவே தகரக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும் கலந்த ஒரு குடியேற்றம். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே தங்கினார்கள் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று இந்தக் கிராமத்தில் தோட்டம் செய்கிறார்கள். தங்கள் ஊரின் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டபடியால் பெயரை விட்டுவிட்டோம்.

நாம் அங்கு போனது ஒரு மாலை நேரம். மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பொதுக் கிணற்றடியில் இறங்கியதும் வண்டுக்கூட்டம் சுவருக்குள் புகுந்துகொண்டது போல ஓர் இரைச்சல் கேட்டது. கிணற்றுக்கு மிக அருகில் உள்ள வீட்டின் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருந்தது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது. கையை வைத்தால் பெட்டி நடுங்குவது தெரிந்தது.

“இது இரவும் பகலும் இப்படித்தான் சேர். இந்தச் சுவருக்கு மற்றப் பக்கம்தான் என்ட மகளும் பேத்தியும் படுக்கிறது. புள்ளைக்கு நித்திரை இல்லை” என்றார் அந்த வீட்டுக்கார அம்மா. ஊரில் எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே எழுதுகிறோம்.

இரைச்சல் ஒரு தொல்லை, அவ்வளவுதான் என்றே நாமும் முதலில் எண்ணினோம். பெட்டியின் கதவைத் திறந்து பார்த்த பிறகுதான் அந்த ஊரார் எவ்வளவு பெரிய ஆபத்துக்குத் தப்பியிருக்கிறார்கள் என்பது புரிந்தது.

பெட்டி எதற்கு வந்தது?

கிராமத்தின் குடிநீர் ஒரே கிணற்றிலிருந்து வருகிறது. இரண்டு குதிரைவலு மோட்டர் ஒன்று தண்ணீரை மேலே உள்ள தாங்கிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து வீடுகளுக்குக் குழாய் போகிறது. கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை.

கரண்ட் இல்லாத நாட்களோ நமக்குப் பழக்கமானவை. 1996இல் மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. அப்போது கிடுகுக் கொட்டில்களில் குப்பி விளக்கோடு இருந்த பலருக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. பிறகு நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழுந்தது. 2011இல் முதலாவது பகுதியும் 2014இல் மற்ற இரண்டும் சேர்ந்து 900 மெகாவாட் என்றார்கள். அதன் உயர்ந்த கம்பிகள் நமது தோட்டங்களின் தலைக்கு மேலாகவே போகின்றன. ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் நின்றது. அந்நாட்களில் டீசலும் கிடைக்காதபடியால் ஜெனரேற்றர் வைத்திருந்தவர்களும் கைகட்டி நின்றார்கள். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டது. அதோடு நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர வெட்டு இருந்தது. பாணந்துறைக் குரங்கு குதித்தால் கற்பிட்டியில் குடம் நிரம்பாது என்று ஒரு நானா சொல்லிச் சிரித்தார்.

ஆகவே ஒரு நலன்விரும்பியின் உதவியோடு 5 கே.வி.ஏ. ஜெனரேற்றர் ஒன்று வந்தது. கூடவே இந்தப் பெட்டியும் வந்தது. மின்சார சபையின் கரண்ட் நின்றவுடன் ஜெனரேற்றரைத் தானே இயக்கி, மோட்டரை அதற்கு மாற்றிவிடும். கரண்ட் வந்ததும் பழையபடி மாற்றும். ஒருவரும் கை வைக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் சேஞ்ச் ஓவர் என்பதை நம்மவர்கள் ‘சேஞ்சோவர்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

பெட்டியின் உள்ளே இரண்டு கொன்ராக்ரர்கள் அருகருகே இருக்கின்றன. வீதி போடுகிற கொந்தராத்துக்காரரை நினைத்துக் குழம்ப வேண்டாம். இது ஒரு மின்காந்தச் சுவிட்ச். செப்புக் கம்பி சுற்றிய சுருளில் கரண்ட் ஓடும்போது இரும்பு காந்தமாகி எதிரே உள்ள இரும்பை இழுத்துப் பிடிக்கும். இழுபட்ட இரும்போடு சேர்ந்து தொடுமுனைகள் மூடிக்கொள்ளும். சுருளில் கரண்ட் நின்றால் வில் பின்னே தள்ளிவிடும். ஒன்று மின்சார சபைப் பக்கத்துக்கு, மற்றது ஜெனரேற்றர்ப் பக்கத்துக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் மூடாதபடி ஒன்றையொன்று தடுக்கும் பூட்டும் உண்டு. சாதாரண நாட்களில் மின்சார சபைப் பக்கத்துக் கொன்ராக்ரர் இருபத்துநான்கு மணி நேரமும் இழுத்துப் பிடித்தபடியே நிற்கும்.

நமது வீட்டுக் கரண்ட் ஒரே பக்கமாக ஓடுவதல்ல. ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகச் சுழல்கிறது. அதனால் ஒரு செக்கனில் 100 தடவை காந்தத்தின் பலம் இல்லாமலே போகிறது. அந்த 100 தடவையும் வில் இரும்பைத் தள்ளப் பார்க்கும், காந்தம் மறுபடி இழுக்கும். அந்தத் துடிப்புத்தான் நாம் கேட்கும் இரைச்சல். இதைத் தடுப்பதற்காகவே காந்தத்தின் முகத்தில் ஒரு சிறு செப்பு வளையம் பதித்திருப்பார்கள். பலம் இல்லாமல் போகும் அந்தக் கணத்தில் இந்த வளையம் கொஞ்சம் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள கொன்ராக்ரர் காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும்.

எமது கிராமத்துப் பெட்டியில் மூன்று காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. கடற்காற்றின் உப்புப் பட்டு காந்தத்தின் முகம் துருவேறியிருந்தது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வைகாசி பிறந்தால் அடிக்கிற தென்மேற்குக் காற்று இங்கே கதவுப் பிணைச்சலையே தின்றுவிடும். இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய காந்தத்தை விடுமா? இரண்டாவது, செப்பு வளையம் வெடித்திருந்தது. மூன்றாவது, மாலையில் மீற்றர் 198 வோல்ற்றே காட்டியது. 230இல் நூற்றுக்கு 85 பங்குக்குக் குறைந்தால், அதாவது 195 அளவுக்குக் கீழே போனால், இத்தகைய சுருள்கள் ஒழுங்காக இழுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லைனின் கடைசியில் உள்ள ஊர்; மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு, எல்லாத் தோட்டத்திலும் மோட்டர். வோல்ற்று விழாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு எறும்புகளும் உள்ளே குடியேறியிருந்தன.

இரைச்சல் வெறும் சத்தம் அல்ல. இரும்பு முழுதாக ஒட்டாமல் நின்றால் சுருளில் வழமையை விட மிகக் கூடிய கரண்ட் ஓடும். சுருள் சூடேறும், கருகும். தொடுமுனைகளும் துடித்துத் துடித்துப் பொறி பறக்கும். இந்தப் பெட்டியில் சுருளின் மேலுறை கபில நிறமாகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் உடம்பு காட்டுகிற காய்ச்சல் போல.

ஈர்க்கு வைத்த கதை

இனி நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம். இதை வாசிக்கும் இளைஞர்கள் சற்று நிதானமாக வாசிக்கவும்.

ராத்தாவின் வீட்டுத் தொல்லையைத் தாங்காத அயல் இளைஞர் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். துடிக்கிற இரும்பை விரலால் அழுத்தினால் சத்தம் நிற்கிறது. விரலை எடுத்தால் மறுபடி இரைகிறது. கெட்டிக்காரப் பிள்ளை. தென்னை ஈர்க்குகள் சிலவற்றைச் சேர்த்துச் சீவி, இடுக்கில் செருகி இறுக்கிவிட்டார். சத்தம் நின்றது. அன்றிரவு எல்லோரும் நன்றாக உறங்கினார்கள். ராத்தா அந்தப் பையனுக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தாராம்.

சில நாட்களின் பின் கரண்ட் போயிற்று. ஜெனரேற்றர் தானே இயங்கியது. ஆனால் மோட்டர் இயங்கவில்லை. காரணம் விளங்குகிறதா? ஈர்க்கு செருகிய கொன்ராக்ரர் கரண்ட் நின்ற பிறகும் மூடியபடியே நின்றது. அது மூடியிருக்கும்வரை மற்றதை மூட விடாமல் பூட்டு தடுத்தது. பூட்டு தனது கடமையைச் சரியாகச் செய்தது. ஆனால் ஊராருக்கு அது தெரியவில்லை. தாங்கியில் தண்ணீர் இல்லை, ஜெனரேற்றரோ சும்மா ஓடி எண்ணெய் குடிக்கிறது. ஈர்க்கு வைத்தது யாருக்கும் நினைவில் இல்லை. இன்னொருவர், அவரும் நல்லெண்ணத்தோடுதான், ஜெனரேற்றரிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெட்டியிலிருந்து மோட்டருக்குப் போகிற முனையில் நேரே கொடுத்துவிட்டார்.

ஜெனரேற்றர் ஒரு முறை முக்கி, நின்றுபோயிற்று. மறுபடி இயக்கினார்கள். இம்முறை சற்று நேரம் ஓடியது. அப்போது வீதிக்கு அப்பால் உள்ள வீட்டிலிருந்து ஒரு சிறுவன் ஓடி வந்து, “எங்கட வீட்டு பல்ப் மின்மினி மாதிரி எரியுது” என்றான். ஊர் முழுக்க இருட்டு. அந்த வீட்டுக்கு ஜெனரேற்றர் வயர் போகவே இல்லை. பிறகு எப்படி எரியும்?

ஈர்க்கினால் மூடிய கொன்ராக்ரர் வழியாக ஜெனரேற்றரின் கரண்ட் பின்னோக்கி ஓடி, மீற்றரைக் கடந்து, வீதிக் கம்பிக்கே போய்விட்டது. நல்லவேளையாக ஒரு பெரியவர் விடயத்தைப் புரிந்துகொண்டு ஜெனரேற்றரை நிறுத்தச் சொன்னார்.

வீதியில் பல வீடுகள் இருந்தால் அத்தனை வீட்டுப் பாரத்தையும் தாங்காமல் சிறு ஜெனரேற்றர் நின்றுவிடும். முதலில் நடந்தது அதுதான். ஆனால் எப்போதும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. காற்றில் கம்பி அறுந்து உங்கள் வீட்டுப் பக்கத்துத் துண்டு தனியே நின்றால் பாரம் குறைவு. ஜெனரேற்றர் நிற்காமல் ஓடும். அதிலும் கொடியது ட்ரான்ஸ்போமர். 33,000 வோல்ற்றை இறக்கி நமக்குத் தருகிற அதே ட்ரான்ஸ்போமர், நமது பக்கத்திலிருந்து கரண்ட் போனால் அதைத் திரும்ப ஏற்றி மேல் கம்பிக்கு அனுப்பும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. மின்வெட்டு வேளையில் கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். கரண்ட் இல்லை என்று நினைத்து அவர் பிடிக்கிற கம்பியில் நமது கிணற்றடிக் கரண்ட் ஓடினால்? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் ஏறியிருப்பது நமக்கு வெளிச்சம் தருவதற்காக.

அந்த நேரத்தில் மின்சார சபைக் கரண்ட் திரும்பி வந்திருந்தால் இரண்டும் மோதி ஜெனரேற்றரின் சுருள் எரிந்திருக்கும். தீயும் பிடித்திருக்கலாம்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. ஒருவர் ஒரு குழந்தையின் நித்திரைக்காகச் செய்தார், மற்றவர் ஊரின் தண்ணீருக்காகச் செய்தார். சத்தம் போட்ட அந்தப் பெட்டிக்கு என்ன நோய் என்று கேட்காமல் அதன் வாயை மட்டும் கட்டிவிட்டார்கள்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பாலாவிப் பக்கத்திலிருந்து ஒரு வயரிங் பாஸ் அழைக்கப்பட்டார். மின் வேலைக்குப் பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர். அரத்தாளால் துருவைத் தேய்த்தால் போதாதா என்று கேட்டோம். கூடாது என்றார். காந்தத்தின் முகங்கள் மிக நுட்பமாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை. நடுவே மயிரளவு இடைவெளி ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். நாம் அரத்தால் தேய்த்து அந்த இடைவெளி இல்லாமல் போனால், கரண்ட் நின்ற பிறகும் மிச்சக் காந்தத்தில் இரும்பு ஒட்டிக்கொண்டே நிற்கும். ஈர்க்கு வைத்ததும் அதுவும் ஒன்றுதான். எண்ணெய் விடுவதும் தவறு. எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி இன்னும் மோசமாகும். உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். வளையம் வெடித்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சரி, எதை வைப்பது? ஊர்க் கூட்டம் கூடியது. அதே மாதிரிக் கொன்ராக்ரர் புதிதாக வாங்கிப் போடலாம். இந்த உப்புக் காற்றில் சில வருடங்களில் மறுபடி இரையும். பற்றரிக் கரண்ட் போல ஒரே பக்கமாக ஓடும் கரண்டில் வேலை செய்கிற கொன்ராக்ரர்களும் உண்டு. அவற்றில் காந்தம் துடிக்காது, ஆகவே இரைச்சல் இல்லை, விலை கூட. மாறும்போது மட்டும் ஒரு சிறு மோட்டர் திருப்பிவிட்டுப் பிறகு சும்மா நிற்கும் சுவிட்சுகளும் வந்துள்ளன. கடைசியாக, கையால் திருப்பும் சேஞ்சோவர். ஒன்று, பூச்சியம், இரண்டு என மூன்று நிலை. ஒன்றில் நின்றால் மின்சார சபை, இரண்டில் நின்றால் ஜெனரேற்றர், நடுவில் நின்றால் எதுவும் இல்லை. ஒரே பிடி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அதற்கு ஈர்க்கு வைக்க இடமில்லை.

இளைஞர்கள் தானாக மாறுவதே வேண்டும் என்றார்கள். ‘கையால் திருப்புவது அந்தக் காலம்’ என்பது அவர்கள் கட்சி. ராத்தாவின் கேள்வி வேறு: “நடுச்சாமம் கரண்ட் போனா ஆர் எழும்பிப் போறது?”

அப்போது கதிரையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “நடுச்சாமத்தில ஆருக்குத் தண்ணி வேணும்?”

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கணக்கு அங்கேதான் இருந்தது. ஊரில் முப்பது குடும்பம். குடும்பத்துக்கு நாளுக்கு 100 லீற்றர் வைத்தாலும் 3,000 லீற்றர். தாங்கி 5,000 லீற்றர் கொள்ளும். தாங்கி நிறைந்திருந்தால் ஒரு நாளைக்கு மேல் கரண்ட் இல்லாமலே ஊர் தாங்கும். கரண்ட் போன பத்தாவது செக்கனில் மோட்டர் இயங்க வேண்டிய தேவை இந்த ஊரில் எப்போதுமே இருந்ததில்லை. பெட்டி வந்த நாளில் இதை ஒருவரும் கேட்கவில்லை. இலவசமாக வருவதைப் பற்றிக் கேள்வி கேட்பது நமது வழக்கமும் இல்லை. முந்தல், உடப்புப் பக்கத்து இறால் பண்ணைகளின் கதை வேறு. அங்கே இரவில் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் நின்றால் பிராணவாயு குறைந்து, விடிவதற்குள் இறால் மிதக்கும். தடுப்பூசி வைத்த குளிர்சாதனப் பெட்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தானியங்கியே வேண்டும். தாங்கி உள்ள கிணற்றுக்கு வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவிட்ச் என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு சிறு தகவல். அமெரிக்கா போன்ற நாடுகளில் சிலர் பேருந்து அளவான வாகனத்தையே வீடாக்கி ஊரூராகத் திரிகிறார்கள். படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே. தங்குமிடத்தில் வெளிக் கரண்டில் கொளுவுவார்கள்; வழியில் நிறுத்தினால் வாகனத்தின் ஜெனரேற்றர். அதற்கும் இதே மாதிரி மாற்றுப் பெட்டி உண்டு, சில வாகனங்களில் அது படுக்கைக்குக் கீழே அல்லது அருகில் இருக்கும். அங்கே கரண்ட் செக்கனுக்கு 60 சுழற்சி என்பதால் 120 தடவை துடிக்கும். நமது ராத்தாவின் முறைப்பாடும் அவர்களுடைய முறைப்பாடும் ஒன்றே. இரையாத பெட்டி தேடி மாற்றுகிறார்கள். வீட்டோடு இடம்பெயர்கிறவர்கள் அவர்கள். விரும்பிப் போகிறார்கள், விரும்பிய நாளில் திரும்புகிறார்கள்.

மாற்றிய நாள்

வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. பாஸ் முதலில் மின்சார சபைப் பக்கத்து மெயின் சுவிட்சைத் தொடவில்லை. ஜெனரேற்றரிடம் போய் அதன் பற்றரி வயரைக் கழற்றினார், எண்ணெய்த் திருகியை மூடினார். ஏன் என்று கேட்டோம். “மெயினை இறக்கினா கரண்ட் போயிட்டுது எண்டு பெட்டி நினைக்கும். உடனே ஜெனரேற்றர ஸ்டார்ட் பண்ணும். என்ட கை உள்ளுக்க இருக்கும்” என்றார். தானியங்கிப் பெட்டிகளில் கை வைக்கிறவர்கள் இந்த ஒன்றை மறக்கவே கூடாது.

அதன் பிறகு மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுப் பிள்ளைகள் யாராவது வந்து தட்டிவிடக் கூடாது அல்லவா. பிறகு மீற்றரை முதலில் வேறொரு நல்ல பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் பெட்டியின் ஒவ்வொரு முனையையும் சோதித்தார். கைத்தொலைபேசியால் உள் அமைப்பைப் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வயரிலும் வெள்ளைத் துணிப் பட்டி ஒட்டி எழுதினார். பழைய வயரில் சிவப்பு லைன், கறுப்பு நியூற்றல். புதிய வயரில் கபிலம் லைன், நீலம் நியூற்றல். இரண்டும் கலந்து கிடக்கும் இடத்தில் நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்வது ஆபத்து என்றார்.

புதிய சுவிட்ச் 40 அம்பியர், இரண்டு துருவம். மோட்டர் ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 10 அம்பியர்தான், ஆனால் எழும்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். இரண்டு துருவம் என்றால் லைனோடு நியூற்றலும் சேர்ந்து மாறும். லைனை மட்டும் மாற்றும் மலிவான சுவிட்சுகளும் கடையில் கிடைக்கின்றன; வாங்க வேண்டாம். இரண்டு பக்க நியூற்றலும் ஒன்றாக இருந்தால் ட்ரிப் சுவிட்ச் காரணமின்றி விழும், அல்லது விழ வேண்டிய நேரத்தில் விழாது. எர்த் வயர் மட்டும் எதனாலும் துண்டிக்கப்படாமல் நேரே போக வேண்டும். ஜெனரேற்றரின் உடலுக்கும் எர்த் கொடுத்து, அதன் நியூற்றலை ஜெனரேற்றரிலேயே எர்த்தோடு இணைத்தார். அப்படிச் செய்யாவிட்டால் ஜெனரேற்றரில் ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் வெறும் அலங்காரமே. ட்ரிப் சுவிட்சை சேஞ்சோவருக்குப் பிறகு, மோட்டர் பக்கத்தில் வைத்தார். இரண்டு கரண்டுக்கும் அது காவல்.

இரும்புப் பெட்டிக்குப் பதிலாக இறப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டி வந்தது. வயர்கள் அடிப்பக்கத்தால் உள்ளே போயின; மேலால் போனால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். ராத்தாவின் சுவரை விட்டு, கிணற்றடிக் கொட்டிலின் தூணில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார்கள். மின்சார சபைப் பக்கத்தில் ஒரு சிறு பச்சை விளக்கும் வைத்தார். ஜெனரேற்றரில் ஓடும்போது கரண்ட் வந்துவிட்டதா என்பதை அது காட்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்தது தெரியாமல் விடியும்வரை எண்ணெய் எரியும்.

பழைய ஜெனரேற்றர் இடமும் மாறியது. முன்பு அது கிடுகால் மறைத்த சாய்ப்பில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு உண்டு. உறங்குகிறவர்களை எழுப்பாமலே கொல்லும். இப்போது வீடுகளுக்கு அப்பால் திறந்த வெளியில், மேலே தகரக் கூரை மட்டும்.

கடைசிச் சோதனையைத்தான் நாம் கவனமாகப் பார்த்தோம். மெயினை இறக்கி, ஜெனரேற்றரை இயக்கி, ஒரு நிமிடம் சூடேற விட்டு, பிடியை இரண்டுக்குத் திருப்பினார். மோட்டர் ஓடியது. உடனே மின்சார சபைப் பக்கத்து முனைகளில் மீற்றரை வைத்துக் காட்டினார். பூச்சியம். ஈர்க்கு வைத்த இளைஞரை அழைத்து அவர் கையாலும் ஒரு முறை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. இரண்டு மூன்று தரம் வைத்துப் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். சுவிட்சை மாற்றியதால் மாலை நேரத்து 198 வோல்ற்று கூடிவிடவில்லை. குறைந்த வோல்ற்றில் ஓடும் மோட்டரும் சூடேறி எரியும். ஆகவே மாலையில் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்தி, காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஏற்றுகிறார்கள். வோல்ற்றுக் குறைவு பற்றி, ஒரு வாரம் காலை, மதியம், மாலை என்று மீற்றர் பார்த்து எழுதிய தாளையும் இணைத்துப் பிரதேச மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வெறும் முறைப்பாட்டை விட அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. மற்ற ஊர்களும் இப்படிச் செய்யலாம்.

சுவிட்ச் பெட்டியின் சாவி இரண்டு. ஒன்று ராத்தாவிடம், மற்றது ஈர்க்கு வைத்த அதே இளைஞரிடம். வேறு யாரும் திருப்பக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பெட்டிக் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: முதலில் பூச்சியம், பிறகு ஜெனரேற்றர், ஒரு நிமிடம் பொறுத்து இரண்டு. ஒரு மாதம் கழித்துப் பாஸ் வந்து எல்லாத் திருகாணிகளையும் மறுபடி இறுக்கிவிட்டுப் போனார். புதிய செப்பு வயர் சற்று நசிந்து தளரும், தளர்ந்த இடம் சூடேறும். இனி ஒவ்வொரு வருடமும் தென்மேற்குக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய இரும்புப் பெட்டியை ராத்தா எறியவில்லை. கதவு நன்றாகப் பூட்டும் என்பதால் துடைத்து எடுத்து, அடுத்த போகத்துக்கான மிளகாய் விதையை அதற்குள் வைத்திருக்கிறார். எலி புகாதாம்.